பழங்கலம் புதுக்குதல்

ஒரு பொருளை ஆக்குதல் அரிய செயல். ஆக்கிய பொருளை அழியாமற் காத்தல் அதனினும் அரிய செயல். புதியது ஒன்றைச் செய்தவரை ஊரார் மாலையிட்டுப் பாராட்டுவர். செய்த பொருளைப் பல்லாண்டு பழுதின்றிப் பேணியவரை நினைப்பார் சிலரே. ஆயினும், குளமும் கோயிலும் தேரும் வீடும் இன்றளவும் நம் கண்முன் நிற்பது அத்தகைய பெயரறியா மக்களின் உழைப்பினாலேயாம். நெடுநாள் கைவிடப்பட்டுக் கிடக்கும் விசைப்படகு ஒன்றை மீண்டும் நீரில் மிதக்கச் செய்வது எங்ஙனம் என்பதையும், அம்முயற்சியால் நாம் அறியத்தக்கது யாது என்பதையும் இப்பாடத்திற் காண்போம்.

ஏரியூரும் ஓடமும்

உத்திரமேரூர் கடற்கரைப் பட்டினம் அன்று; ஏரிநீரை நம்பி வாழும் உழவர் ஊர். அவ்வூரார்க்குப் படகைப் பற்றிய ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் வினவலாம். விடை அவ்வூர்க் கல்வெட்டுகளிலேயே உள்ளது.

முதற் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டிலும் 14ஆம் ஆட்சியாண்டிலும், அதாவது கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், உத்திரமேரூர்ச் சபையார் தம் ஊராட்சி முறையைக் கல்லில் வெட்டி வைத்தனர். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்டோர் வாரியங்களில் அமர்ந்து பணியாற்றினர். அவ்வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். அறுவர் அதன் உறுப்பினர். ஏரியைக் காப்பதற்கெனத் தனி வாரியம் அமைத்த நம் முன்னோர், தூர்வாரும் பணிக்கு ஓடங்களையும் பயன்படுத்தினர். ஏரியில் ஓடம் வைத்துத் தூர் அகற்றிய செய்தியைச் சோழர் காலக் கல்வெட்டுகள் சில தெரிவிக்கின்றன. ஆகவே, ஓடமும் அதன் காப்பும் ஏரியூரார்க்கு அயலான செய்திகள் அல்ல.

தமிழில் நீர்க்கலங்களுக்கு வழங்கும் பெயர்களே நம் முன்னோரின் நீர்ப்பயிற்சியைக் காட்டும். தெப்பம், புணை, பரிசில், அம்பி, திமில், பஃறி, தோணி, ஓடம், படகு, வங்கம், நாவாய், கப்பல் எனப் பெயர்கள் பல. மரங்களைச் சேர்த்துக் கட்டியமையால் கட்டுமரம் எனப் பெயர் பெற்ற நம் கடற்கலத்தின் பெயர், ஆங்கில மொழியிலும் புகுந்து இன்று உலகெங்கும் வழங்குகின்றது.

துடுப்பும் பாயும் தள்ளிய கலத்தை எந்திரம் தள்ளத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். செருமானிய நாட்டுக் காட்லீப் டெய்ம்லர் என்பார் 1886ஆம் ஆண்டில் பெட்ரோல் எந்திரம் பூட்டிய சிறு படகு ஒன்றை நெக்கர் ஆற்றில் ஓட்டிக் காட்டினார். 1890களில் ருடால்ப் டீசல் என்பார் தம் பெயரால் வழங்கும் எந்திரத்தை அமைத்தார். நம் நாட்டில், 1952ஆம் ஆண்டில் நார்வே நாட்டுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் மீன்பிடி படகுகளுக்கு எந்திரம் பொருத்தும் திட்டம் தொடங்கிற்று. பின்னர்த் தமிழகக் கடற்கரையிலும் விசைப்படகுகள் பெருகின. கொச்சியில் 1957ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற மத்திய மீன்தொழில்நுட்ப நிறுவனம், படகு மரத்தைக் காக்கும் வழிகளையும் ஆராய்ந்து வந்துள்ளது.

கலம் கெடும் வகை

நோய் இன்னதென அறிந்த பின்னரே மருத்துவன் மருந்து கொடுப்பான். படகைப் புதுக்க விரும்புவோனும், அஃது எதனாற் கெட்டது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

மரப்படகு நீரிற் கிடப்பதனால் உளுத்துப் போகின்றது என்று பலர் எண்ணுவர். அஃது அரையுண்மையே. மரத்தை உளுக்கச் செய்வது ஒருவகைக் காளான். அது வளர ஈரமும் காற்றும் வெம்மையும் வேண்டும். முழுவதும் நீருள் அமிழ்ந்த மரத்திற்குக் காற்று போதிய அளவு கிட்டுவதில்லை. முற்றிலும் உலர்ந்த மரத்தில் ஈரம் இல்லை. நனைந்தும் உலர்ந்தும் கிடக்கும் இடமே காளானுக்கு உகந்தது. கடல்நீரின் உப்பு அதன் வளர்ச்சியைத் தடுக்கின்றது. மழைநீரோ அதனை வளர்க்கின்றது. ஆதலால், கரையில் மூடாது விடப்பட்ட படகின் மூலைகளில் தேங்கும் மழைநீர், அதனைச் சுமந்த கடல்நீரினும் கொடிய பகையாகின்றது.

கடலிலும் கழிமுகத்திலும் வேறொரு பகை உண்டு. கப்பற்புழு என வழங்கும் உயிர் மரத்தினுள் வளை குடைந்து வாழ்கின்றது. பெயரளவில் புழுவாயினும், அது சிப்பி இனத்தைச் சேர்ந்தது. வெளியே ஊசித்துளை அளவே தெரியும். உள்ளே பலகை தேன்கூடு போல் ஆகியிருக்கும். நன்னீரில் இது பெரும்பாலும் வாழ்வதில்லை. கொட்டலசு என்னும் மற்றோர் உயிர் பலகையைக் குடையாது. ஆயினும் அடிப்புறத்திற் கற்போல் ஒட்டிக்கொண்டு படகின் விரைவைக் குறைத்து எரிபொருட் செலவை மிகுவிக்கும். நம் நெய்தல் நில மக்கள் மீனெண்ணெயையும் முந்திரிக் கொட்டையின் தோலெண்ணெயையும் பூசி மரத்தைக் காத்து வந்தனர்.

இரும்பு துருப்பிடித்தல் யாவரும் அறிந்ததே. ஆனால், இருவகை உலோகங்கள் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், அவற்றுள் ஒன்று விரைவாக அரிக்கப்படும் என்பதைப் பலர் அறியார். இதற்கு வரலாற்றில் ஒரு நல்ல சான்று உண்டு. 1761ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ‘அலார்ம்’ என்னும் போர்க்கலத்தின் அடிப்புறத்தைச் செப்புத் தகட்டால் போர்த்தினர். கப்பற்புழுவிலிருந்து காப்பதே நோக்கம். ஈராண்டுகள் கழித்துப் பார்த்தபோது புழு அணுகவில்லை. ஆனால், தகட்டைத் தைத்திருந்த இரும்பு ஆணிகள் பல கரைந்து போயிருந்தன. சில ஆணிகள் மட்டும் நன்றாக இருந்தன. செம்பு பொதிந்து வந்த தாளின் துண்டுகள் அவ்வாணிகளுக்கும் தகட்டுக்கும் இடையே தற்செயலாகத் தங்கிவிட்டமையே அதற்குக் காரணம். தாள் தடுத்தமையால் இரும்பும் செம்பும் தொடவில்லை. தொடாமையால் இரும்பு அரிபடவில்லை. பின்னர் 1824ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி என்னும் அறிஞர், எளிதில் அரிபடும் மற்றோர் உலோகத்தை வேண்டுமென்றே சேர்த்து வைத்தால், அது தான் அழிந்து செம்பைக் காக்கும் என்று காட்டினார். இக்காலப் படகுகளின் அடியிற் காணப்படும் துத்தநாகக் கட்டிகள் அவ்வுண்மையின் வழிவந்தவையே. அக்கட்டி தேய்ந்துபோவது பழுது அன்று. தேய்வதே அதன் தொழில். தேய்ந்தபின் மாற்றாமல் விடுவதே பழுது.

கலத்தை ஆராய்தல்

இனி, புதுக்கும் முறையைக் காண்போம். படகை முதலில் கூரையின் கீழ் மேடான இடத்தில் நிறுத்த வேண்டும். ஏராக்கட்டை என்பது படகின் முதுகெலும்பு. அதன் நெடுகிலும் போதிய முட்டுக் கொடுத்து, அது நேராக நிற்குமாறு செய்தல் வேண்டும். முட்டுச் சரியில்லையேல் நடுப்பகுதி தொய்யும், அல்லது முனைகள் சாயும். வளைந்த கலத்தைச் செப்பனிட்டால், வளைவையும் சேர்த்தே நிலைபெறச் செய்தவர் ஆவோம்.

அடுத்து, பழைய வண்ணப் பூச்சைச் சுரண்டி நீக்க வேண்டும். வண்ணம் அழகு தருவது. அதுவே குற்றத்தையும் மறைப்பது. பூச்சு நீங்கிய பலகையைச் சிறு சுத்தியால் தட்டிப் பார்ப்பர். திண்ணிய மரம் கணீரென ஒலிக்கும். உளுத்த மரம் மந்தமாக ஒலிக்கும். ஐயமுள்ள இடத்தில் கூரிய உளிமுனையை ஊன்றுவர். முனை எளிதில் இறங்கினால் அப்பகுதி பயனற்றது. அணியம் எனப்படும் முன்முனை, பின்முனை, வங்குகள் ஏராக்கட்டையுடன் சேரும் இடம், எந்திரம் அமர்ந்த கட்டைகள் ஆகியவற்றை மிகுந்த கவனத்துடன் பார்த்தல் வேண்டும். வங்கு என்பது படகின் விலாவெலும்பு.

நெடுநாள் ஓடாதிருந்த தேரை வடம்பிடிக்கும் முன், ஊர்த் தச்சர் அச்சையும் சக்கரத்தையும் தட்டித் தட்டிப் பார்ப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். தேர்ச்சீலையின் அழகை அவர் பார்ப்பதில்லை. ஆயிரவர் இழுக்கும் பாரத்தை எது தாங்குமோ அதனையே பார்க்கின்றார். படகுத் தச்சரின் கண்ணும் அத்தகையதே.

ஆராய்ந்து முடிந்ததும் காணப்பட்ட குறைகளை ஏட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். ஏராக்கட்டையும் பெரும்பாலான வங்குகளும் கெட்டிருந்தால், புதுக்குவதினும் புதுப்படகு செய்வதே தக்கது. கைவிட வேண்டியதைக் கைவிடத் துணிவதும் அறிவின்பாற்பட்டதே.

மரவேலை

உளுத்த பலகையின்மேல் மெழுகும் பசையும் அப்பி மூடுதல் தீது. நல்ல மரம் காணும்வரை வெட்டி நீக்கிப் புதுப்பலகை இணைத்தல் வேண்டும். பலகைக்குத் தேக்கும் அயினியும் சிறந்தவை. வங்குக்குக் கருவேலம் பயன்படும். இயற்கையிலேயே வளைந்த கிளை கிடைத்தால் மிக நன்று. நேர்மரத்தை வளைந்த வடிவில் அறுத்தால் அதன் நார்கள் இடையிடையே அறுபட்டு வலிமை குன்றும். வளைந்த கிளையிலோ நார் வளைவோடு சேர்ந்தே ஓடுகின்றது.

பலகைகளின் இடைவெளியை அடைக்கும் வேலைக்குக் கலப்பற்று என்று பெயர். பஞ்சுத் திரியை அளவாக உள்ளே செலுத்தி, குங்கிலியமும் எண்ணெயும் சேர்ந்த கலவை போன்ற ஒன்றால் மேலே பூசுவர். இங்கே ஒரு நுட்பம் உண்டு. கரையிற் கிடந்த மரம் உலர்ந்து சுருங்கி இருக்கும். நீரில் இறக்கியதும் அது ஈரம் உண்டு பருக்கும். சுருங்கிய நிலையில் தெரியும் இடைவெளி முழுவதையும் வலிந்து அடைத்துவிட்டால், பருக்கும் பலகைக்கு இடமின்றிப் போகும். அப்போது பலகை பிதுங்கும், ஆணிகள் தெறிக்கும். ஆகவே, திறமை மிக்க தச்சர் மரம் பருப்பதற்கும் இடம் விட்டு அடைப்பர். புதுக்கிய மரப்படகு நீரில் இறங்கிய முதல் சில நாட்களில் சிறிது கசிவது இயல்பு. மரம் பருத்ததும் கசிவு குறையும். குறையாவிடில், ஆராய்ச்சியில் ஏதோ ஒன்று தப்பியது என்று கொள்ள வேண்டும்.

கண்ணாடி இழைப் படகுகளுக்கு உளுத்தல் இல்லை. ஆயினும், மோதிய இடத்தில் அடுக்குகள் பிரிவதும், நீர் உட்புகுந்து கொப்புளம் எழும்புவதும் உண்டு. பழுதான பகுதியைச் சரிவாகத் தேய்த்து நீக்கி, நன்கு உலர்த்தி, புதிய இழையையும் பிசினையும் அடுக்கடுக்காக இட வேண்டும். ஈரத்தின்மேல் இட்ட அடுக்கு ஒட்டாது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரையில் ஆயிரக்கணக்கான படகுகளைச் சிதைத்தது. அவற்றுட் பல இவ்வாறு செப்பனிடப்பட்டு மீண்டும் கடலுக்குச் சென்றன.

எந்திர வேலை

படகின் டீசல் எந்திரம் நம் ஊர் மாணவர்க்குப் புதியது அன்று. கிணற்று மேட்டில் நின்று நீர் இறைக்கும் எண்ணெய் எந்திரமும் அதே இனந்தான். காற்றை மிகுதியாக அழுத்தினால் அது சூடேறும். சூடேறிய அக்காற்றில் எண்ணெயைத் தெளித்தால் தானே பற்றிக்கொள்ளும். அவ்வெடிப்பின் விசை உருளைக்குள் இருக்கும் உந்துதண்டைத் தள்ளுகின்றது. இவ்வளவே அதன் அடிப்படை.

பல்லாண்டு நின்ற எந்திரத்தை உடனே சுழற்ற முயல்வது பெரும் பேதைமை. உள்ளே துரு பிடித்து இறுகியிருந்தால், வலிந்து சுழற்றும்போது வளையங்கள் முறியும். உருளையினுள் இலேசான எண்ணெயை ஊற்றிச் சில நாட்கள் ஊறவிட வேண்டும். பின்னர்க் கையால் மெல்ல முன்னும் பின்னுமாக அசைத்துப் பார்த்தல் வேண்டும். மூட்டுவலி உற்ற முதியவரைப் படுக்கையினின்று எழுப்புவது போன்றது இவ்வேலை.

எரிபொருள் தொட்டியின் அடியில் நீரும் கசடும் தங்கியிருக்கும். அவற்றை முழுவதும் வடித்து, வடிகட்டியை மாற்ற வேண்டும். மசகெண்ணெய் பால்நிறமாகத் தோன்றினால் அதனுள் நீர் கலந்துள்ளது என்று பொருள். எந்திரத்தைக் குளிர்விக்க நீர் ஏற்றும் சிறு இறைப்பியின் இரப்பர் இதழ்கள், ஓடாமலே வெடித்துப் போயிருக்கும். விலை குறைந்த அவ்விதழைப் புறக்கணித்தால், விலை மிகுந்த எந்திரம் வெந்துபோகும்.

எந்திரத்தினின்று பின்விசிறிக்குச் செல்லும் தண்டு நேராக இருத்தல் வேண்டும். கரையில் நேராகத் தோன்றும் தண்டு, நீரில் இறங்கியபின் சிறிது கோணலாவதுண்டு. நீர் தாங்கும்போது கலத்தின் வடிவம் சற்று மாறுவதே காரணம். எனவே, படகை மிதக்கவிட்டபின் மீண்டும் ஒருமுறை அளந்து பார்ப்பர். பெட்ரோலில் ஓடும் படகானால் மற்றோர் எச்சரிக்கை தேவை. பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது. அது படகின் அடித்தட்டில் குளம்போல் தேங்கும். கதவுகளைத் திறந்து நன்கு காற்றோட்டம் தந்தபின்னரே எந்திரத்தை முடுக்க வேண்டும்.

நிலைப்பாடு

மரமும் எந்திரமும் சீராகிவிட்டால் வேலை முடிந்ததென்று எண்ணலாகாது. கலம் சாயாமல் நிற்குமா என்பதே எல்லாவற்றினும் தலையாய வினா. பாரம் தாழ இருந்தால், அலை சாய்த்த படகு தானே நிமிரும். பாரம் உயர்ந்துவிட்டால், சிறு சாய்வும் கவிழ்வில் முடியும். பானையைத் தலையிற் சுமப்பவர் குனிந்து நடக்கத் தயங்குவதை நினைத்துப் பாருங்கள்.

2023ஆம் ஆண்டு மே 7ஆம் நாள், கேரளத்தில் மலப்புறம் மாவட்டத்துத் தானூரில், உலாப்படகு ஒன்று கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அவர்களுட் பலர் குழந்தைகள். அது மீன்பிடி படகாக இருந்து, இரண்டு அடுக்குகள் கொண்ட உலாப்படகாக மாற்றப்பட்டது. அளவிற்கு மிஞ்சிய மக்களையும் ஏற்றியிருந்தது. நம் தமிழகத்திலும் 2011ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் பழவேற்காட்டு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். பழைய கலத்தைப் பொலிவுறச் செய்தல் எளிது. அதன் இயல்பு அறியாமல் அடுக்கு ஏற்றுதல் உயிருக்கு உலை வைப்பதாகும். இதுபற்றியே விசை பூட்டிய உள்நாட்டு நீர்க்கலங்கள் பதிவும் ஆய்வும் பெறவேண்டுமென 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் விதிக்கின்றது. ஆய்வாளரின் சான்று வெறுந்தாள் அன்று. ஏறுவோர் அனைவரின் உயிருக்கும் அது பிணை.

ஒரு பழங்கலத்தின் வரலாறு

முறையாகப் புதுக்கிய கலம் என்ன செய்யவல்லது என்பதற்குச் ‘சன்டவுனர்’ என்னும் ஆங்கிலப் படகின் வரலாறு சான்றாகும். அது 1912ஆம் ஆண்டில் கடற்படையின் நீராவிப் படகாகக் கட்டப்பட்டது. பின்னர்ப் பயனற்றதென விடப்பட்டுச் சேற்றில் கிடந்தது. அதே 1912ஆம் ஆண்டில் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் அலுவலருள் உயிர்பிழைத்தவர் நால்வர். அவருள் மூத்த பதவியினர் சார்லஸ் லைட்டோலர் என்பார். அவர் 1929ஆம் ஆண்டில் இவ்வெற்றுக் கலத்தை வாங்கினார். செப்பனிட்டு, எந்திரம் பூட்டி, குடும்பத்தோடு உலாவும் விசைப்படகாக ஆக்கிக்கொண்டார்.

1940ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு டன்கர்க் கடற்கரையில் நேசநாட்டுப் படைவீரர் பகைவரால் சூழப்பட்டு நின்றனர். அவர்களை மீட்கப் பெருங்கப்பல்களோடு சிறு படகுகளும் சென்றன. கடற்படையார் சன்டவுனரைக் கேட்டபோது, தம் படகைத் தாமே செலுத்துவதாகக் கூறினார் லைட்டோலர். அப்போது அவருக்கு வயது 66. தம் மைந்தர் ஒருவரையும் இளஞ்சாரணர் ஒருவரையும் துணைக்கொண்டு ஜூன் 1ஆம் நாள் கடலைக் கடந்தார். அதற்கு முன் 21 பேருக்கு மேல் ஏற்றியறியாத அப்படகு, அன்று குண்டுமழையினூடே ஏறத்தாழ 130 பேரைச் சுமந்து கரை சேர்ந்தது.

இங்கும் நிலைப்பாட்டின் நுட்பத்தைக் காண்க. லைட்டோலர் முதலில் கீழறைகளையே நிரப்பினார். வீரர்களைப் படுத்திருக்கப் பணித்தார். படகு தளர்ந்து தள்ளாடத் தொடங்கியதை உணர்ந்தவுடன், மேலும் ஆள் ஏற்றுவதை நிறுத்திவிட்டார். துணிவு அவரைக் கடலுக்கு அனுப்பியது; கலத்தின் இயல்பறிந்த அறிவே அனைவரையும் கரைக்குக் கொண்டுவந்தது. சேற்றிற் கிடந்த வெற்றுக் கலத்தை அன்று எவரும் எடுத்துப் பேணாதிருப்பின், அந்த உயிர்களுக்கு அப்படகு உதவியிராது.

வெள்ள நாளும் வெயில் நாளும்

டன்கர்க் தொலைவில் உள்ளது. நமக்கு அணிமையில் நிகழ்ந்ததையும் எண்ணுவோம். 2015ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் சென்னையிலும் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் பெருமழை பொழிந்தது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. தெருக்கள் ஆறுகளாயின. அப்போது மீனவர்கள் தம் படகுகளைச் சுமையுந்துகளில் ஏற்றி வந்து, மாடியில் ஒடுங்கி நின்ற மக்களை மீட்டனர். 2018ஆம் ஆண்டு கேரள வெள்ளத்திலும் மீனவர் படகுகளே பல்லாயிரவர்க்குப் புணையாயின.

அப்படகுகள் அந்நாளில் உதவியது எதனால்? அவை நாள்தோறும் கடலுக்குச் சென்றவை; நாள்தோறும் பார்க்கப்பட்டவை. பூட்டிய கொட்டகையில் பல்லாண்டு உறங்கும் படகு, வெள்ளம் வந்த இரவில் எழுப்பினால் எழாது. எரிபொருளில் நீர் கலந்திருக்கும், இரப்பர் இதழ் வெடித்திருக்கும், பலகை உளுத்திருக்கும். அந்நேரத்தில் பழுது பார்க்கப் பொழுதில்லை. கூரைமேல் கைக்குழந்தையோடு காத்திருக்கும் தாய்க்கு, ஓடாத படகும் இல்லாத படகும் ஒன்றே. ஆகவே, பொதுப்படகு வைத்திருக்கும் ஊரார் எவராயினும், மழைக்காலத்திற்கு முன், வெயில் நாளிலேயே அதனை நீரிலிறக்கி ஓட்டிப் பார்த்தல் வேண்டும்.

புதுக்குதல் ஒருமுறை செய்யும் பெரும்பணி. பேணுதல் ஆண்டுதோறும் செய்யும் சிறுபணி. சிறுபணியை ஒழுங்காகச் செய்யும் ஊரில் பெரும்பணிக்கு வேலை குறைவு. ஆண்டுக்கொருமுறை அடிப்புறத்தைச் சுரண்டிப் பூசுதல், துத்தநாகக் கட்டியை மாற்றுதல், மசகெண்ணெய் மாற்றுதல், அடித்தட்டு நீரை இறைத்தல், மழைநீர் தேங்காமல் மூடி வைத்தல், செய்தவற்றை நாளிட்டு ஏட்டில் எழுதுதல் ஆகிய இவ்வாறு செயல்களும் ஒரு கலத்தின் வாழ்நாளைப் பன்மடங்கு நீட்டிக்கும்.

இவற்றுள் இறுதியாகச் சொன்ன ஏடு சிறியதெனத் தோன்றலாம். உத்திரமேரூர்க் கல்வெட்டு வேறொன்று கூறுகின்றது. வாரியத்திற் பணி செய்து கணக்குக் காட்டாதவனும், அவனுடைய உறவினரும் மீண்டும் வாரியத்திற்கு வரலாகாது என்பது அவ்வூர்ச் சபையார் வகுத்த விதி. ஏரியாயினும் ஓடமாயினும், பொதுப்பொருளைக் கையேற்றவன், பெற்றபோது அஃது எந்நிலையில் இருந்தது, விடும்போது எந்நிலையில் இருக்கின்றது என்பதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டவன். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டப்பட்ட அக்கடமை, இன்று ஏரிக்கரையில் நிற்கும் நமக்கும் உரியது.